கோடிப்புறத்துத் தென்னம்பிள்ளை

குணலட்சுமிக்குக் கொக்குவிலில் வீடு கிடைத்துவிட்டது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். சுவரும் கூரையும் கிடைத்தன. வீட்டின் பின்பக்கம், கோடிப்புறம் என்று எங்கள் ஆட்கள் சொல்கிற அந்த நிலம், மனிதர் கால் வைக்கிற மாதிரி இருக்கவில்லை. பஞ்சலிங்கம் என்கிற கொழும்புக் கிளாக்கர் ஆசையாகக் கட்டத் தொடங்கி, கையில் காசு முட்டுப்பட்டு, பாதியில் விட்ட வீடு அது. மேசன் குழைத்து மிஞ்சிய சாந்து இறுகிக் கிடந்தது. சுண்ணாம்புக் கிடங்கு மூடாமல் கிடந்தது. கிணறு வெட்டியபோது மேலே வந்த முருகைக்கல் ஒரு பக்கம் குவிந்திருந்தது. ஓட்டுத்துண்டும் நாயுருவியும் மிச்ச இடத்தை நிரப்பின. பின்வேலி என்பதே இல்லை. தண்டவாளத்துப் பக்கமிருந்து வருகிற மாடெல்லாம் சமையலறை வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

பூட்டைத் திறந்து காட்டித் திறப்பைக் கையில் கொடுத்த அன்றே பஞ்சலிங்கம் சொல்லிவிட்டார்.

"இஞ்சை பாரும் பிள்ளை, நான் சித்திரை வருஷத்துக்குத்தான் இனி வருவன். அதுக்கிடையிலை கோடியைத் துப்புரவாக்கி, வேலியையும் அடைச்சு, நாலு பச்சை தெரியிற மாதிரிச் செய்து வையும். இல்லாட்டி ஒரு வாத்தியார் வீடு கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

தான் போட்ட குப்பையை வாடகைக்கு வந்தவள் அள்ள வேண்டுமாம்! நியாயமா என்று கேட்க அங்கே யார் இருந்தார்கள்? குணலட்சுமி "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று தலையாட்டினாள். வேறு வழி அவளுக்கு இல்லை.

அவளுடைய புருஷன் தம்பிஐயா தொண்டைமானாற்றுக்காரன், கடல் தொழிலாளி. அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயலில் தோணிக்கும் கல்லுக்கும் நடுவே அகப்பட்டு அவன் கால் நசுங்கியது. எலும்பு பொருந்தினாலும் புண் ஆறவில்லை. யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரியில் அடிக்கடி வந்து மருந்து கட்டச் சொன்னார்கள். தவறினால் காலை எடுக்க வேண்டி வரும் என்றும் சொல்லிவிட்டார்கள். தொண்டைமானாற்றிலிருந்து அந்தக் காலோடு பஸ் ஏறி இறங்க முடியுமா? அதனால்தான் பட்டணத்துக்குக் கிட்ட வீடு தேடினார்கள். முதலில் இருந்த வீட்டில் புண் மணக்கிறது என்று வீட்டை விட்டே எழுப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டில் காரணம் சொல்லாமலே எழுப்பினார்கள். இதையும் விட்டால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும், ஊருக்குத் திரும்பினால் கால் போய்விடும். போதாக்குறைக்கு அவள் வயிற்றில் பிள்ளை வேறு.

அந்த வயிற்றோடு அவள் இரும்பு அலவாங்கைத் தூக்கினாள். சாந்துக் கட்டியைக் குத்திக் குத்தி உடைத்தாள். உடைத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வண்டி பிடிக்கக் கையில் என்ன இருந்தது? சுண்ணாம்புக் கிடங்குக்குள்ளேயே போட்டு அதை நிரப்பினாள். முருகைக்கல்லை வரிசையாக அடுக்கிப் பாத்தி கட்டினாள். இணுவில் பக்கம் யாரோ கிணறு இறைத்துத் தூர் வாருகிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஓலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு செம்மண்ணுக்கு ஓடினாள். தெருவில் மாடு போட்ட சாணத்தை வேறு யாரும் எடுக்குமுன் எடுத்தாள்.

வேலிக்குத்தான் பெரும்பாடு. பின்னிய தென்னோலைக் கிடுகு வாங்க வசதியில்லை. பக்கத்து வளவுப் பராசக்தி தன் வேலியைப் பிரித்துப் புதுக் கிடுகு கட்டியபோது, கழித்த பழங்கிடுகை எருவுக்கு மண்ணில் தாழ்க்க வைத்திருந்தாள். குணலட்சுமி போய்க் கேட்டாள்.

"உக்கினது பிள்ளை, உதை வைச்சு என்ன வேலி அடைக்கப் போறாய்?"

"மறைப்பாய் இருந்தால் காணும் அக்கா. கிளுவைத் தடியும் நாலு வெட்டித் தருவியளே?"

பராசக்தி கிளுவையும் கொடுத்தாள், பூவரசங்கட்டையும் கொடுத்தாள், வயிற்றுப்பிள்ளைக்காரி செய்கிற வேலையா இது என்று ஏச்சும் சேர்த்துக் கொடுத்தாள். ஏச்சு வயிற்றை நிரப்பாவிட்டாலும் கிளுவை துளிர்த்தது. மார்கழி மழைக்கு முருங்கைத் தடி வேர் பிடித்தது. வாழைக்குட்டி குருத்து விட்டது. கத்தரியும் மிளகாயும் பாத்தியில் தலை தூக்கின. சன்னலுக்கு இன்னும் கதவு போடவில்லை, சாக்குத்தான் தொங்கியது. அந்தச் சாக்கை விலக்கிவிட்டுக் கட்டிலில் கிடந்தபடி தம்பிஐயா அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். பெண்சாதி கல் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு கிடப்பது எவ்வளவு பெரிய தண்டனை! அவன் பல நாள் வாய்விட்டு அழுதான். அவளுக்கு அழ நேரமில்லை.

தை மாதம் பிள்ளை பிறந்தது. பொடிச்சி, பெண் குழந்தை. கால் நசுங்கிய பிறகு தம்பிஐயா முதன்முறையாகச் சிரித்தான்.

"இஞ்சை, குணம். கிணத்தடியிலை, குளிக்க வாக்கிற தண்ணி ஓடுற இடத்திலை பிள்ளைக்கு ஒரு தென்னம்பிள்ளை வைக்கவேணும். கொண்ணை ஊரிலையிருந்து கொண்டு வருவார்."

அவர்களுடைய கரையில் அது வழக்கம். பிள்ளை பிறந்தால் தென்னை வைப்பார்கள். மணல் நிலம், சொந்தக்காரரின் வளவு, யாரைக் கேட்க வேண்டும்? வாடகை வீடு என்றால் என்னவென்றே அந்தச் சனங்களுக்குப் பழக்கமில்லை. குணலட்சுமியின் அண்ணன் நல்ல விதைத்தேங்காய் முளையாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். குணலட்சுமி குழி வெட்டி, அடியில் உப்பும் சாம்பலும் போட்டு, பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு நட்டாள். வடகிழக்கே தங்கள் ஊர்ச் சன்னதிமுருகனை நினைத்துக் கும்பிட்டாள். அந்த ஒரு நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை நான் மறைக்க மாட்டேன்.

சித்திரை வருஷப்பிறப்புக்கு மறுநாள் பஞ்சலிங்கம் வந்தார். கோடிப்புறத்துக்கு வந்ததும் மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உது என்ரை வளவுதானோ? கெட்டிக்காரி பிள்ளை நீர்! நான் இவ்வளவுக்கு நினைக்கேல்லை."

குணலட்சுமிக்கு உயிர் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பராசக்திகூடப் பெருமையாகச் சிரித்தாள். அவர் வாழையைத் தடவினார், முருங்கையை அண்ணாந்து பார்த்தார், கிணற்றடிக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உதென்ன உது?"

"தென்னம்பிள்ளை ஐயா. பிள்ளை பிறந்ததுக்கு வைச்சனாங்கள்."

"ஆரைக் கேட்டு வைச்சனீர்?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. கொக்குவில் இருக்கிற வலிகாமத்தில் வளவு என்றால் உயிர். வேலி ஒரு சாண் தள்ளிப்போனதற்குப் பரம்பரையாக வழக்குப் பேசக் கோட்டுக்குப் போகிற ஊர். வாடகைக்கு இருக்க வந்தவன் வாழை வைக்கலாம், கத்தரி வைக்கலாம், அதெல்லாம் அவன் போகுமுன் முடிந்துவிடும். தென்னை அப்படியா? தென்னை வைப்பவன் காய்க்கும் வரை இருக்க நினைப்பவன், காய்த்த பிறகு நிலத்தில் உரிமை கேட்பவன். பஞ்சலிங்கம் அப்படித்தான் எண்ணினார். அவர் முகம் பயத்தில் வெளிறிப்போனது, கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"நாளைக்கு நீங்கள் கோட்டிலை ஏறி, என்ரை தென்னை காய்க்குது, எழும்பமாட்டன் எண்டால் நான் என்ன செய்யிறது? என்ரை மேளுக்குச் சீதனத்துக்கெண்டு கட்டின வீடு இது! இந்த மாதத்தோடை எழும்புங்கோ. வாத்தியாருக்குச் சொல்லிவிடுறன்."

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ!" என்று குணலட்சுமி வேலிப் பக்கம் திரும்பினாள்.

"ஐயாவைக் கேட்டுத்தான் வைச்சிருப்பியள் எண்டு நினைச்சன் பிள்ளை" என்றாள் பராசக்தி. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

குணலட்சுமி கையிலிருந்த குழந்தையை வேலிக்கு மேலால் பராசக்தியிடம் நீட்டினாள். அலவாங்கை எடுத்தாள்.

"பிடுங்கிறன் ஐயா. உங்கடை கண்ணுக்கு முன்னாலை பிடுங்கிறன். எழும்ப மட்டும் சொல்லாதேங்கோ. அந்த மனிசனுக்குக் கால் போயிடும்."

பிள்ளையின் பெயரில் வைத்த மரத்தைப் பெற்றவளே பிடுங்கலாமா? பராசக்தி "ஐயோ, வேண்டாமடி" என்று கத்தினாள். அவள் கேட்கவில்லை. அலவாங்கு போட்டு நெம்பினாள், வரவில்லை. முழங்கால் குத்தி உட்கார்ந்து கையால் மண்ணைப் பறித்தாள். புது வேர்கள் வெள்ளை வெள்ளையாகக் கல்லிடுக்குக்குள் போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். நகம் கிழிந்து இரத்தம் வந்தது. கடைசியில் முளையைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் காலடியில் போட்டாள்.

பஞ்சலிங்கம் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"சரி, இருங்கோ. இனி என்னைக் கேளாமல் ஒரு தடியும் ஊண்டப்படாது."

வாசல் படலை சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவள் உள்ளே போனாள். சாக்குத் தொங்கிய சன்னல் கட்டிலுக்கு நேரேதான் இருந்தது. தம்பிஐயாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவன் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"குணம், அது வேர் விட்டிருந்ததோ?"

"இல்லையப்பா. அது பிடிக்கவே இல்லை. எப்பிடியும் பட்டுத்தான் போயிருக்கும்."

"அப்ப பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். குணலட்சுமி இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.