ஹீட்டர் குழாயில் காய்ந்த போர்வை

இன்று காலை செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனேன். போன மாதம் நான் மாட்டிய நீச்சல் குள ஹீட்டரில் தண்ணீர் கொட்டுகிறதாம்.

"நீங்க மாட்டுன சாமான் மட்டம் தம்பி" என்றார் வீட்டுக்காரர். 'வாங்க' கூடக் கிடையாது.

குழாயை ஹீட்டரோடு இணைக்கும் பிளாஸ்டிக் நிப்பிள் முறிந்து, பாதி ஹீட்டருக்குள்ளேயே சிக்கியிருந்தது. அதை எடுக்கும்போது ஹீட்டரின் உள்மரையில் கீறல் விழுந்தால் மொத்தத்தையும் கழற்றிச் சென்னைக்கு அனுப்பணும். பக்கவாதம் வந்த அவருடைய அப்பா வெதுவெதுப்பான தண்ணீரில்தான் தினமும் நடந்து பழகுகிறார்.

"குறட்டால ஒரு திருகு திருகுங்களேன்."

"திருகினா ஹீட்டர் வாயே விரிஞ்சிரும் அண்ணாச்சி. செத்த நேரம் சும்மா இருங்க."

ரம்ப பிளேடைத் தனியாகக் கழற்றி, சிக்கிய துண்டின் உள்பக்கம் இரண்டு கோடு அறுத்தேன். மரையைத் தொடுமுன் நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே மடக்கியதும் துண்டு வந்துவிட்டது. மரைக்குச் சேதமில்லை. புது நிப்பிள் மாட்டினேன். சாயங்காலம் பெரியவர் குளத்தில் இறங்கலாம்.

அப்போது வீட்டுக்கார அக்கா தண்ணீர் சொட்டும் கனத்த ஈரப் போர்வையோடு வந்து, அதே குழாயில் போடப் போனார்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"குழாய் சூடா இருக்குல்ல, வெரசா காஞ்சிரும். வீட்டுப் போர்வை அம்புட்டும் இதுலதான் போடுறோம்."

அண்ணாச்சி மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

இரண்டு தென்னைக்கு நடுவே நைலான் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மெக்கானிக்கல் படித்தது வீண்போகவில்லை.

உங்கள் வீட்டு டிரெட்மில்லில் இப்போது என்ன காய்கிறது? உண்மையைச் சொல்லவும்.