மதியக் கொடையில் அம்மா கேட்ட கேள்வி

போன வருஷம் தை மாதம் என் வலது கால் மூட்டு போயிற்று. ஒத்திகையில் குதித்து இறங்கியபோது உள்ளே ஏதோ பட்டென்று அறுந்தது. கூட ஆடியவர்கள் ஓடிவந்து தூக்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், நன்றாக நடக்கலாம், ஆனால் ஆடுவதை மறந்துவிட்டு வேறு வேலை பாருங்கள் என்றார். மறக்க வேண்டுமாம்! எனக்கு வேறு என்ன தெரியும்?

முப்பிடாதி அம்மன் எனக்குச் செய்ததை அவள் பிள்ளைகளான உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? எனக்கு ஊர் விக்கிரமசிங்கபுரம். அப்பா மில் தொழிலாளி. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். பெங்களூருக்கு வேலைக்குப் போன இடத்தில் நவீன நடனம் கற்று, ஒரு குழுவில் சேர்ந்து, பிறகு நானே நடனங்களை அமைக்கும் அளவுக்கு வந்தேன். அம்மாவோ தெருவில் எல்லோரிடமும் மகள் கம்ப்யூட்டர் ஆபீசில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை என் வீடியோவைப் பார்த்தாள். "இப்படித் தரையில உருளுததுக்கு, கோயில்ல போயி உருண்டா புண்ணியமாவது கெடைக்கும்" என்றாள். அத்தோடு சரி. ஒவ்வொரு ஊரிலும் கைதட்டல் முடிந்து விளக்கு எரியும்போது, வரவே மாட்டாள் என்று தெரிந்தும் கூட்டத்தில் அவள் முகத்தைத் தேடுவேன்.

நான் அமைத்த நடனத்தில் என் இடத்தில் இன்னொரு பெண்ணை ஆடவைத்துக் குழு வெளியூர் கிளம்பியது. நான் ஊன்றுகோலோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். ஆபீஸ் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அம்மா அதற்கும் ஒரு கதை சொல்லிவிட்டாள்.

ஊன்றுகோலை விட்டபிறகு தினமும் காலையில் அம்மாவோடு ஆற்றுக்குப் போவேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரம் மூட்டில் இறங்காது. தண்ணீருக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பேன். தண்ணீருக்குள்ளே கால் மட்டும் ஆடும். தாமிரபரணிக்குத்தான் அது தெரியும் என்று நினைத்திருந்தேன். அம்மா படியில் துண்டோடு உட்கார்ந்து, சளி பிடிக்கும், ஏறி வா என்று ஏசிக்கொண்டிருப்பாள். கரையேறியதும் கால் மறுபடி கனத்துவிடும். திரும்பும் வழியில் அம்மன் கோயில் வாசலில் நின்று நான் கும்பிட்டதில்லை, சண்டைதான் போட்டேன். ஒன்று காலைக் கொடு, இல்லையென்றால் இந்த ஆசையைப் பிடுங்கிக்கொள். இரண்டையும் இப்படி வைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்? அழுது அழுது ஒருநாள் அழுகையும் வற்றிவிட்டது.

ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாவான கொடை வந்தது. மதியக் கொடைக்கு மேளம் கொட்டும்போது ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உருமிச் சத்தம் அடிவயிற்றில் இறங்கியது. எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. தோள் அசைந்தது, இடுப்பு திரும்பியது, அடிபட்ட காலில் பாரம் இறங்கியது. அது தாங்கியது. ஐயோ, தாங்கியது! நான் ஆடினேன்.

எங்கள் ஊரில் கொடை மேளத்துக்கு ஒரு பெண் எழுந்து ஆடினால் அதை நடனம் என்று யார் நினைப்பார்கள்? தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள், கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், குலவை போட்டார்கள். அம்மன் வந்திருக்கிறாள், வாக்குக் கேளுங்கள் என்று யாரோ சொன்னார்கள். ஆடியது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் அம்மா வந்து, கை கூப்பி என் முன்னால் நின்றாள்.

"தாயே, எம்மவ ஆபீஸ்ல இல்ல. அவ ஆட்டக்காரி. ஊரு என்ன சொல்லுமோன்னு நாந்தான் மறைச்சி வச்சேன். ஆத்துத் தண்ணிக்குள்ள நின்னு அவ ஆடுதத தெனமும் பாக்கேன். பாத்துக்கிட்டே இருக்க முடியல தாயே. எம்மவ இனி ஆடுவாளா?"

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. வேப்பிலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆடுவா. நீ போயி பாக்கணும்."

சொன்னது அம்மனா நானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வாயில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து மூட்டுக்கான பயிற்சிகளை ஒருநாள்கூட விடவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யவைத்தாள். இப்போதும் நான் உயரக் குதிப்பதில்லை. குதிக்காமல் ஆடும் ஒரு நடனத்தைப் புதிதாக அமைத்தேன். பாதி நடனம் நின்ற இடத்திலேயே, தண்ணீருக்குள் நிற்பதுபோல.

இந்தப் பங்குனியில் பெங்களூரில் அதை ஆடினேன். அம்மன் உத்தரவு, போகாமல் இருக்கலாமா என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு அம்மா ரயிலேறி வந்தாள். விளக்கு எரிந்ததும் தேடினேன். முதல் வரிசையில் இருந்தாள். கைதட்டத் தெரியவில்லை, கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் மெல்லக் கேட்டேன், அன்றைக்கு வந்தது அம்மன்தான் என்று நிஜமாகவே நம்பினாயா என்று. அம்மா என் மூட்டில் திருநீற்றைத் தேய்த்துக்கொண்டே, "யாரு வந்தா என்னட்டி? உங்கிட்ட கேக்க முடியாதத அவகிட்ட கேட்டேன்" என்றாள்.

நான் கேட்டது கால். அம்மன் காலையும் தந்தாள், என் அம்மாவையும் தந்தாள். உங்களுக்கும் மனசில் ஒன்று கிடந்து அடித்துக்கொண்டிருந்தால் அவள் வாசலுக்குப் போங்கள். கும்பிட வரவில்லையென்றால் சண்டையாவது போடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பதில் உங்கள் வாயிலிருந்தே வந்தாலும் வரும்.