அட்டவணை போடுபவர்

லாச்சப்பல் தேநீர்க்கடையில் அவர் எப்போதும் சுவரோடு சாய்ந்து, வாசலைப் பார்த்தபடிதான் இருப்பார். நரைத்த மீசை, கழுத்துவரை பூட்டிய கோட்டு. இந்தப் பிரெஞ்சு நகரத்திலுள்ள தமிழ்க் கழகங்களின் உதைபந்தாட்ட லீக்குக்கு அட்டவணை போடுபவர். கடைக்கதவு திறந்தால் மேசையிலுள்ள அட்டவணைத் தாளைக் கவிழ்த்துவிடுவார். அமெரிக்க பேஸ்போல் லீக்கைப் பார்த்துத்தான் அணிகளைப் பிரிவு பிரிக்கப் பழகினாராம்.

ஒருநாள் வேறு இடமில்லாமல் அவருடைய மேசையில் அவருக்கு எதிரே இருந்தேன்.

"பேஸ்போலிலை ஒரே பிரிவுக்காரர்தானே அடிக்கடி மோதுவினம்? இஞ்சையும் அப்பிடிச் செய்யலாமே, அண்ணை?"

"அங்கை அடிக்கடி மோதினால் சனம் ரிக்கெற் வாங்கும். இஞ்சை அம்புலன்ஸ் வரும்," என்றார் தணிந்த குரலில். "பகையான கழகங்களை வேற வேற பிரிவிலை போடவேணும். மட்ச் எல்லாருக்கும் சமனா வரவும் வேணும். போன வருசம் ஒரு கழகத்துக்கு ஒண்டு குறைஞ்சு போச்சு. வீட்டு வாசலுக்கே வந்திட்டினம். நீங்கள் எந்தக் கழகம்?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. தாளை நிமிர்த்தி, பென்சிலையும் அழிறப்பரையும் என் பக்கம் தள்ளினார்.

"எதை மாத்தவேணுமோ, நீங்களே மாத்துங்கோ."

அந்தக் கழகத்தில் என் தம்பியின் மகன் விளையாடுகிறான், அவ்வளவுதான். நான் மைதானப் பக்கம்கூடப் போனதில்லை. அதைச் சொல்வதற்காகச் சற்று முன்னால் குனிந்தேன்.

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.