இரண்டு ராஜாவும் ஒரு தூணும்

பஃபலோ ரோட்டில் லீலாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் எவரும் இல்லை. நானும் முயன்று பார்த்தவன்தான். கடைகளுக்கு முன்னால் தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரே ஐந்தடி நடைபாதையில்தான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. ஒரு தூணோரம் என் தையல் மெஷின், அடுத்த தூணோரம் அவளுடைய பூத்தட்டு. குறைத்துக் கேட்டால் பதில் பேச மாட்டாள். பூவின் மீது தண்ணீர் தெளித்துக்கொண்டு, நாம் அங்கே நிற்பதையே மறந்துவிடுவாள்.

அவள் புருஷன் தங்கவேலு வேறு ரகம். கடற்படைத் தளத்தில் வேலை. வெள்ளைக்கார மாலுமிகளிடம் போக்கர் சீட்டாட்டம் கற்றுக்கொண்டு வந்து, அந்தச் சனியனை எங்களுக்கும் ஒட்டவைத்தவன் அவன்தான். சீனப் பெருநாள் விடுமுறையில் சாக்கு வியாபாரி பக்கிரிசாமியின் கடைக்குள் ஆட்டம் நடக்கும். ஆளுக்கு ஐந்து சீட்டு. முதல் சீட்டு கவிழ்த்து, மற்றவை திறந்து. இரண்டாவது சீட்டிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் பணம் கட்ட வேண்டும். வரம்பு கிடையாது, முன்னால் இருப்பதை முழுக்கவும் தள்ளலாம். ஆனால் எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. எடுத்த எடுப்பில் பெரிதாகக் கட்டி யாரும் மற்றவர்களை விரட்டுவதில்லை.

1958ஆம் வருஷப் பெருநாளன்று தங்கவேலுவுக்கு முதலிலேயே இரண்டு ஏஸ் வந்தன. அதைவிடப் பெரிய ஜோடி கிடையாது. மரியாதைக்காரன் அல்லவா, ஒரு வெள்ளி கட்டினான். அந்த ஒரு வெள்ளிக்கு நாங்கள் எல்லோரும் ஆட்டத்தில் இருந்தோம். சீட்டு வர வர அவனுக்கு வீம்பு ஏறியது. பணம் தீர்ந்ததும் மனைவி பூ விற்கும் தூணடியைப் பந்தயமாக வைத்தான். லீலாவின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் இடம் அது. அவர்களாக விட்டுக்கொடுத்தால்தான் இன்னொருவர் அங்கே உட்கார முடியும். மருமகனுக்கு அங்கே கடை போட்டுக்கொடுக்கப் பக்கிரிசாமிக்கு ரொம்ப நாளாக ஆசை. கடைசிச் சீட்டில் அவருக்கு மூன்று ஜாக்கி சேர்ந்துவிட்டது. ஒரே மாதிரி மூன்று சேர்ந்தால் எந்த ஜோடியும் தோற்கும்; தூண் அவர் கைக்குப் போனது.

மறுநாள் மத்தியானம் லீலா கடைக்குள் வந்தாள். எப்போதும் எங்களுக்குக் காப்பி கொண்டுவருகிறவள், அன்று வெறும் கையோடு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பூ வாங்க வைத்திருந்த பணத்தை மேசைமேல் வைத்தாள்.

"தூணை அவர் வச்சது தப்பு. ஆனாலும் எங்க வீட்டு வாக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆடி மீட்டுக்கிறேன். இந்தக் காசுக்கு எதிரா நீங்க தூணை வைங்க, முதலாளி."

பக்கிரிசாமி சிரித்தார். "பொம்பள சீட்டாடினா தெருவே சிரிக்கும்லா."

"சிரிக்கட்டும். வேற வேலை இல்லாத தெரு."

அவர் சீட்டைக் கலைத்துப் போட்டார். அவருக்குப் பக்கத்தில் லீலா, அடுத்து நான், எனக்கப்புறம் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர். ஆட்டத்துக்கு ஆட்டம் லீலா பணம் கட்டாமல் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொண்டே இருந்தாள். "ஆட வந்தியா, வேடிக்கை பார்க்க வந்தியா?" என்று கிராணி கேலி செய்தார். அவள் அடுத்த ஆட்டத்தையும் கவிழ்த்தாள்.

பிறகு அவளுக்குத் திறந்த சீட்டாக ஒரு ராஜா விழுந்தது. எனக்குக் கவிழ்ந்த சீட்டு ஒரு ஏழு, திறந்த சீட்டும் ஒரு ஏழு. உள்ளுக்குள் குஷி. லீலா பணத்தில் பாதியை நகர்த்தினாள். என் கை என் பணத்தின் பக்கம் போனதைப் பார்த்தாள். உடனே மீதியையும் தள்ளிவிட்டாள்.

"என்னம்மா இது, எடுத்ததுமே? எல்லாரும் ஓடிட்டா அப்புறம் என்ன விளையாட்டு?" என்றார் கிராணி.

"ஓடுறவங்க ஓடலாம்."

எனக்குக் கோபமாக வந்தது. ஒரு ஏழு ஜோடிக்காக ஒரு மாதத் தையல் கூலியை எவன் வைப்பான்? கவிழ்த்தேன். கிராணியும் கவிழ்த்தார். பக்கிரிசாமிக்கு முன்னால் ஓர் ஏஸ் திறந்து கிடந்தது. வெறும் மிரட்டல் என்று நினைத்துவிட்டார் மனிதர். "தூணை வச்சேன்" என்றார்.

அடுத்த சுற்றில் லீலாவுக்கு ஒரு நாலு. அதற்கடுத்த சீட்டு, நான் இருந்திருந்தால் எனக்கு வந்திருக்க வேண்டியது, பக்கிரிசாமிக்குப் போனது. ஏழு. மூன்று ஏழு ஆகியிருக்கும். என் இரண்டு ஏழையும் திறந்து மேசையில் அடித்தேன்.

"அது என் ஏழு!"

"உங்களுதுதாண்ணே. காசு கட்டி உக்காந்திருந்தா வந்திருக்கும்" என்றாள் லீலா.

ஐந்து சீட்டும் விழுந்து முடிந்தன. பக்கிரிசாமி கவிழ்த்த சீட்டைத் திருப்பி, திறந்திருந்த ராணியோடு இன்னொரு ராணியைச் சேர்த்து வைத்தார். லீலா தன் சீட்டைத் திருப்பினாள். இரண்டாவது ராஜா.

"முதல்லேருந்தே வச்சிருந்தியா?"

"காலையில பறிச்ச பூவுக்குக் காலையிலயே முழு விலை சொல்லணும், முதலாளி. வாடின பிறகு சொன்னா யார் கொடுப்பா?"

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தங்கவேலு, "அவசரப்பட்டுட்டியே லீலா. கொஞ்சமா கட்டியிருந்தா டெய்லரும் இருந்திருப்பாரு, அவர் காசும் சேர்ந்து வந்திருக்கும்" என்றான்.

என் இரண்டு ஏழும் மேசைமேல் அப்படியே கிடந்தன. லீலா அவற்றைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "காலையில வந்து தூணடியைக் கழுவி விடுங்க" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது தங்கவேலு வாளித் தண்ணீரோடு குனிந்து கழுவிக்கொண்டிருந்தான். பக்கிரிசாமியின் மனைவி வந்து இரண்டு முழம் கேட்டாள். தெரிந்தவர்களுக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கக்கூடாதா என்றாள்.

லீலா பூவின் மீது தண்ணீர் தெளித்தாள்.