ஹாஜியாரின் கால்வலி

இன்று காலை நிந்தவூரில் பஸ் ஏறினால், உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் துணிக்கடை முதலாளி ஹாஜியார் நிற்கிறார்!

"கார் எங்க ஹாஜியார்?"

"கல்முனை பஸார்ல கார் நிப்பாட்ட இப்ப மணித்தியாலத்துக்குக் காசு மகள். கடை பூட்டுற வரைக்கும் ஆரு கட்டுற?"

சாய்ந்தமருது வருவதற்குள் அவருக்குக் கால் வலித்துவிட்டது. கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி இது, மனிசன் நிக்க ஏலுமா? காலையில இன்னொரு பஸ் விட்டா என்ன?"

"இந்தச் சனமும் கேட்டுக் களைச்சிட்டு ஹாஜியார். நீங்க ஒருக்கா டிப்போவுக்குக் கதைங்களேன்."

"ஓம், இப்பவே கதைக்கன்" என்று போனை எடுத்துவிட்டார்.

வருடக்கணக்காக நின்றுகொண்டே போன எங்களுக்குக் கிடைக்காத பஸ், அவருடைய ஒரு நாள் கால்வலியில் வந்துவிடும் போலிருக்கிறது.

அடுத்து யாரை பஸ்ஸில் ஏற்றலாம்? பெயர்களைக் கீழே எழுதுங்கள்.