எங்களை பங்க் என்று திட்டிய தெரு

தேயிலைப் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது தேயிலை வாசனை இல்லை. ஈயத்தாளின் வாசனை, ஒட்டுப்பலகையின் பசை வாசனை. அதற்கும் அடியில், மூக்கை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தால், காய்ந்த இலையின் மெல்லிய கசப்பு. போன வாரம் வீடு மாற்றும்போது பாத்திரம் அடுக்குவதற்காக ஒரு பழைய பெட்டி வாங்கி வந்தேன். மூடியை நெம்பியதும் அந்தக் கசப்பு வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. பாத்திரங்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடிப்பலகையில் விரலால் தட்டினேன். டும். நான் வளர்ந்த லிங்கராஜபுரம் முழுக்க அந்த ஒரு சத்தத்துக்குள் இருந்தது.

உதவிக்கு வந்திருந்த அக்கா மகள் கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. கோழிக்கொண்டை போல முடியைத் தூக்கி நிறுத்திய பையன்கள், கன்னத்தில் ஊக்கு குத்திய ஒரு பெண்.

“மாமா, இவங்கதான் பங்க். லண்டன்ல பெரிய கலாட்டா. உங்களுக்கு எங்க தெரியப் போவுது?”

“பெட்ரோல் பங்க் தெரியும்” என்றேன்.

“ஐயோ மாமா.”

தெரியும், கண்ணு. உன் அப்பா அம்மா கல்யாணம் நடந்த பந்தலில் அந்தப் பெயரோடுதான் நான் நின்றேன். கன்னத்தில் ஊக்கு இல்லை. சட்டையில் பித்தான் அறுந்த இடத்தில் ஒன்று இருந்தது.

அப்போது எங்கள் பின்வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியர் இருந்தார். ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். யுத்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனவர். அவர்கள் போய்விட்டார்கள், வார்த்தைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நானும் என் சிநேகிதர்கள் இரண்டு பேரும் வாத்தியம் வாசிக்க ஆரம்பித்தால் அவருடைய ஜன்னல் படாரென்று திறக்கும்.

“யூ பங்க்ஸ்! நிறுத்து மேன். செத்தவன்கூட எழுந்து ஓடிப்பூடுவான் மேன்.”

தெருவில் எங்களுக்கு ஏற்கெனவே நிறையப் பெயர்கள் இருந்தன. தமிழில் தறுதலை, காலிப்பயல். கன்னடத்தில் போலி, அங்கே அதற்குப் பொறுக்கி என்று அர்த்தம். தக்கினி உருதுவில் லுச்சா. எல்லாம் பழகிப்போன செருப்பு மாதிரி, காலில் இருப்பதே தெரியாது. இது புதுச் செருப்பு, கடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்கில் இருந்த சிவப்பு நூலகத்துக்குப் போய் அகராதியைப் பிரித்தேன். நானூறு வருஷத்துக்கு முன்னால் லண்டன் தெருவில் நின்ற பெண்ணை அப்படிச் சொன்னார்களாம். பிறகு ஒன்றுக்கும் ஆகாத பொருள். பிறகு ஒன்றுக்கும் ஆகாத பையன், கற்றுக்குட்டி, கோழை. இன்னொரு பக்கத்தில், சம்பந்தமே இல்லாமல், அமெரிக்கக் காட்டில் உளுத்துப்போன மரம். அதைப் பொடியாக்கி நெருப்பை அதில் தூங்க வைப்பார்களாம். கொழுந்து விடாது, அணையவும் அணையாது. எங்கிருந்து வந்த வார்த்தை என்று கேட்டால் அகராதி கையை விரித்தது. சாம்பலைக் குறிக்கும் ஒரு பூர்வகுடிச் சொல்லாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஊர் பேர் தெரியாத வார்த்தை. எனக்கு அதை உடனே பிடித்துவிட்டது. பெட்டிக்கடைத் தூணில் பீடி பற்றவைக்கத் தொங்குமே கயிறு, நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கனன்று கிடக்குமே, அதை நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் மூன்று பேர். கித்தார் வாசித்தவன் பேக்கரியில் மாவு பிசைந்தவன். டிரம் அடித்தவன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியவன், அவனுடைய டிரம் ஒரு பிஸ்கட் டின்னும் ஒரு மண்ணெண்ணெய் டின்னும். நான் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டு வேலை தேடியவன். என் வாத்தியம் கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டி. நடுவில் ஓட்டை, ஓட்டையில் மெல்லிய இரும்புக் கம்பி, கம்பியின் மறுமுனை ஒரு துடைப்பக் கட்டையில். கட்டையைச் சாய்த்தால் சுரம் இறங்கும், இழுத்தால் ஏறும். ரயில்வே காலனி டான்ஸில் ஒருவன் அப்படி வாசித்ததைச் சுவரேறிப் பார்த்திருந்தேன்.

சங்கீதம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஓசியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. சாவு. யாராவது இறந்தால் மாதா கோயிலிலிருந்து கல்பள்ளிக் கல்லறை வரை பேண்ட் வாசித்துக்கொண்டே போகும். கிளாரினெட், டிரம்பெட், பெரிய டிரம். பின்னால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். நாங்கள் நடந்தோம். யார் செத்தாலும் நடந்தோம். தலை குனிந்துதான் நடப்போம், காது மட்டும் முன்னால் ஓடும். டிரம்பெட்காரர் எங்கே மூச்சு வாங்குகிறார், பெரிய டிரம் எந்தக் காலுக்கு விழுகிறது. வீட்டுக்கு வந்ததும் பேக்கரிக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து அதையே வாசிப்போம். பக்தியுள்ள பசங்க என்று கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். பிறகு, “அந்த மூணு பேரும் வந்துட்டானுங்களா? அப்ப டாக்டரைக் கூப்புட வேணாம், பாதிரியாரைக் கூப்புடுங்க” என்றார்கள்.

என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கோலார் தங்கவயல். அக்கா எங்கள் அப்பாவிடம் ஒரே ஒன்றுதான் கேட்டாள். “பந்தல்ல தம்பிங்க வாசிக்கணும்ப்பா.” கொட்டகையில் நாங்கள் வாசிப்பதைத் துணி காயப் போடும் சாக்கில் வந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். பேண்ட்காரர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் கொஞ்ச நேரம் என்று அப்பா சம்மதித்தார்.

அதுதான் கித்தார்க்காரனின் அப்பா காதுக்கு எட்டியது. அவர் மில்லில் ஃபிட்டர். மகனுக்கும் மில்லில் இடம் பேசி வைத்திருந்தார். மகன் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கித்தாரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொட்டகைக்கு வந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். கத்தவில்லை.

“நான் ஒண்ணும் ராட்சசன் இல்லடா. கல்யாணத்துல வாசிங்க. வாசிச்சு முடிச்சப்புறம் யாராவது ஒரே ஒருத்தர், இன்னொரு வாட்டி வாசிங்கன்னு கேக்கட்டும். கேட்டா அந்தக் கித்தார்க் கட்டை வூட்ல இருக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். கேக்கலன்னா மறுநாள் காலையில வெந்நீர் அடுப்புக்கு. நீ மில்லுக்கு.”

“உங்க அக்கா கேட்டா?” என்றான் டின்காரன் என்னிடம், மெதுவாக.

“சொந்தக்காரங்க கணக்குல வராது” என்றார் அவர், திரும்பாமலே.

கல்யாணத்துக்கு என்று ஒரு சினிமாப் பாட்டைத் தயார் செய்தோம். மரியாதையான பாட்டு. கித்தார்க்காரன் இரவல் கோட்டுப் போட்டிருந்தான், கை மடிப்பில் மைதா. மே மாதத்து மாலை, மழை வருவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த வானம், தெருவை அடைத்துப் போட்ட பந்தல். கோயிலிலிருந்து ஊர்வலமாக வாசித்து வந்த, சாவுக்கு வாசிக்கும் அதே பேண்ட்காரர்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். எங்களைப் பார்த்து அப்பா தலையை அசைத்தார்.

சினிமாப் பாட்டு செத்துப் பிறந்தது. எனக்கு அதைச் சொல்ல வேறு வழி தெரியவில்லை. கேட்கவே இல்லை யாருக்கும். இலையில் சாதம் விழுகிற சத்தம், “இன்னா வெங்காயம் இல்லையா”, ஒரு குழந்தையின் அழுகை. எங்கள் பாட்டு இதற்கெல்லாம் நடுவில் வழி தெரியாமல் நின்றது. பாதியில் நிறுத்தினோம். நிறுத்தியதும் ஒருவருக்கும் தெரியவில்லை. பந்தல் கால் ஓரம் கித்தார்க்காரனின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் வெற்றி இல்லை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது, அவருக்கும் வருத்தமாக இருந்தது.

“வேற வாசிடா” என்றான் டின்காரன்.

“வேற இன்னாடா தெரியும் நமக்கு?”

கித்தார்க்காரனுக்கு உதறல். உதறலில் புத்தி ஓடாது, விரல்தான் ஓடும். அவனுடைய விரல் தனக்குத் தெரிந்த இடத்துக்கு ஓடியது. கல்லறைக்கு. அடக்க ஊர்வலத்தில் எப்போதும் முதலில் வாசிக்கும் அந்தப் பாட்டு. பயத்தில் நாலு மடங்கு வேகம். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி அந்தப் பாட்டு பந்தலுக்குள் ஓடி வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஆனால் என் கை கட்டையை இழுத்துவிட்டது. பெட்டி டும் என்றது. டின்காரன் கண்ணை மூடிக்கொண்டு விளாசினான். கித்தாரில் மூன்றே சுரக்கட்டு, அதற்குமேல் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அப்போது அதற்குமேல் தேவையும் இல்லை. மாவு பிசைந்த கை, பஞ்சர் ஒட்டிய கை, வேலை கிடைக்காத கை, மூன்றும் ஒன்றாகி ஓடியது.

பந்தி அடங்கியது. ஒவ்வொரு இலையாக அடங்கியதை நான் பார்த்தேன். பேண்ட்காரர்கள்தான் முதலில் நிமிர்ந்தவர்கள், வாய்க்குப் போன கை நடுவழியில் நின்றது. பிறகு பெரியவர்கள். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. எல்லாரும் யாரையாவது அந்தப் பாட்டோடு மண்ணுக்குள் வைத்தவர்கள். அப்பா முகம் சுண்டிப்போயிற்று. மணமேடையில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. பந்தலில் துணி படபடக்கிற சத்தம் மட்டும்.

வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாள் எழுந்து எங்களைப் பார்த்து நடந்து வந்தார். மாப்பிள்ளையின் அம்மா. புருஷனை இழந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நடை மெதுவாக இருந்தது, அவருக்கு முன்னால் எல்லாரும் வழிவிட்டார்கள். எனக்குத் தோன்றியதெல்லாம் அக்காவின் வாழ்க்கை இன்றோடு போச்சு என்பதுதான்.

“எங்க வூட்டுக்காரர் அடக்கத்துக்கு வாசிச்ச பாட்டுதானே இது?”

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. “ஆமாங்கம்மா.”

“அன்னிக்கு ரொம்ப மெதுவா வாசிச்சானுங்க.” எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “மெதுவான்னா அவருக்கு ஆவவே ஆவாது. சைக்கிளையே மோட்டார் மாதிரி ஓட்டினவரு. எத்தினி வாட்டி வுழுந்து எழுந்தவரு. அவரை இழுத்து இழுத்துக் கொண்டுபோனானுங்க, எனக்கு இன்னும் ஆறல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “இன்னொரு வாட்டி வாசிங்கப்பா. இன்னும் கொஞ்சம் ஓட்டமா.”

கித்தார்க்காரன் வாசிக்கவில்லை. பந்தல் காலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவனுடைய அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

“நின்னுக்கினு இருக்கியே, பெரியவங்க கேக்குறாங்க இல்ல?” என்றார். “வாசிடா.”

அந்த இரண்டாவது தடவையை நான் எப்படி எழுதுவது? டிரம்பெட்காரர் எச்சில் கையைப் பந்தல் துணியில் துடைத்துவிட்டு வாத்தியத்தை எடுத்தார். அத்தனை வருஷம் கல்லறை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பாட்டை அன்றைக்குத்தான் திருப்பிக் கூட்டி வந்த மாதிரி ஊதினார். பெரிய டிரம் சேர்ந்தது. தங்கவயல் ஆட்கள் நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். வெள்ளைச் சேலை அம்மாள் கையைத் தட்டினார், பிறகு ஒரு கால் வைத்தார், பிறகு மணமேடையிலிருந்து அக்காவைக் கைப்பிடித்து இழுத்து இறக்கினார். மாமியாரும் மருமகளும் ஆட, மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் மாலையோடு நின்றார். மழை அப்போதுதான் விழுந்தது. யாரும் நகரவில்லை. பின்வீட்டு ஜன்னல் திறந்தது.

“பங்க்ஸ்!” என்று கத்தினார் இன்ஜின்காரர். அன்றைக்கு அந்த வார்த்தை எங்களைக் கடிக்கவில்லை. விறகுக் கொட்டகையில் இத்தனை நாள் தூங்கிய நெருப்பு பந்தல் முழுக்கப் பிடித்திருந்தது, அந்த மழையிலும். “ஒன்ஸ்மோர் மேன்!” என்று அடுத்த கத்தல். அவர் சொந்தக்காரர் இல்லை. கணக்கில் அதுவும் வரும்.

எத்தனை முறை வாசித்தோம் என்று எனக்குத் தெரியாது. என் கம்பி அறுந்த பிறகு வெறும் பெட்டியைக் கையால் அடித்தேன்.

தங்கவயலுக்குக் கிளம்ப வேன் வந்து நின்றபோது மழை விட்டு வானம் வெளுத்து, தெருவில் மஞ்சள் வெயில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அக்கா அழுதாள், சிரித்தாள், என் காதைத் திருகினாள். கித்தார்க்காரனின் அப்பா கித்தாரை எடுத்து, மரத்தில் ஈரம் படாமல் தன் கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு நின்றார். வீடு வரை அவரேதான் தூக்கிக்கொண்டு போனார். மகன் வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் நடந்தான்.

அதற்கு முன்னால், வேன் நகர்ந்த நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எங்கள் மூன்று பேரையும் விரலைக் காட்டிக் கூப்பிட்டார். பக்கத்தில் ஓடினோம்.

“நான் எங்க வூட்டுக்காரர்கிட்ட போவசொல்லோ நீங்கதான்டா வந்து வாசிக்கணும்” என்றார். “இதே ஓட்டத்துல.”