ஆறு கட்டத்தில் ஒரு காதல் படம்

முதலில் மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். பத்தாவது வரை படித்துவிட்டு, முப்பது வருடமாக விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை ஊற்றிக்கொண்டிருக்கிற ஆள் நான். எனக்கு எதற்கு எழுத்து? வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்புகிறேனே தவிர, பத்திரிகை வருகிற அன்று டீக்கடைப் பக்கமே போக மாட்டேன். யாராவது "படிச்சேன்" என்று சொல்லிவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

இந்த வாரம் கூச்சம் இரண்டு மடங்கு. சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன். அதிலும் காதல் சினிமா. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மகள் நித்யா பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு காலேஜில் சினிமா, டிவி சம்பந்தமான படிப்பு படிக்கிறாள். பத்து நாள் லீவு. பையை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"அப்பா, இது லீவு இல்ல. எனக்கு வேல இருக்குது. ஒரு படத்தோட ஆரம்பத்த பிளான் பண்ணணும்."

"முழுப் படமா?"

"இல்லப்பா. மொத ரெண்டு நிமிஷம். அவ்ளோதான். ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன ஜானர்னு ஜனங்களுக்குத் தெரியணும்."

"ஜானர்னா?"

"வகைப்பா. காரக் குழம்பு, மோர்க் குழம்பு மாதிரி. மூடியத் தொறந்தா வாசனையிலயே தெரியணும்ல?"

இப்படிச் சொன்னால் எனக்குப் புரியாதா?

வகுப்பில் பாதிப் பேர் பேய்ப் படம் எடுக்கிறார்களாம். மீதிப் பேர் கொலைப் படம். இவள் ஒருத்திதான் காதல் படம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். சும்மா எழுதிக் கொடுத்தால் போதாது. பத்துப் படத்தின் ஆரம்பத்தைப் பார்த்துக் குறிப்பு எடுக்க வேண்டும். நாலு பேரிடம் கேள்வி கேட்க வேண்டும். கட்டம் கட்டமாகப் படம் வரைய வேண்டும். அதற்கு ஸ்டோரிபோர்டு என்று பெயர். கூடவே ஒரு சின்ன வீடியோவும் எடுத்துக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை வாத்தியார் பார்த்து ஓகே சொன்னால்தான் கேமரா கையில் கொடுப்பார்கள்.

ஆக, வேலை முடிந்து வந்ததும் தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் லாப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். படம் ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவாள். எனக்கு அடுத்து என்ன ஆகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கும். விட மாட்டாள்.

மழை. பஸ் ஸ்டாப்பு. ஓடுகிற ரயில். பெண் கையிலிருந்து புத்தகம் விழும். பையன் குனிந்து எடுப்பான். பத்துப் படத்தில் ஆறு படத்தில் யாராவது யார் மீதாவது மோதினார்கள். சினிமாவில் இரண்டு நிமிடத்தில் மோதி, இரண்டாவது பாட்டில் காதலித்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் பக்கத்து பெஞ்சில் வேலை செய்கிற பெண்ணிடம் மணி என்ன என்று கேட்கவே இரண்டு வருடம் ஆகும்.

நடுவில் ஒரு நாள் நித்யா எங்கள் பொம்மை யூனிட்டுக்கே வந்து, டீ நேரத்தில் சரோஜா அக்காவைப் பிடித்துக்கொண்டாள். சரோஜா அக்கா ஃபினிஷிங்கில் இருபது வருடமாக இருப்பவர். வாய்க்கு வரி கட்டாதவர்.

"அத்த, லவ் படம்னு எத வெச்சு கண்டுபுடிப்பீங்க?"

"பாட்டு வந்தா லவ்வு. பாட்டுல மழ வந்தா கல்யாணம்."

"பாட்டே இல்லன்னா?"

"பாட்டே இல்லன்னா அது நியூஸு."

நித்யா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கேள்வி என் பக்கம் திரும்பியது. "நீங்களும் அம்மாவும் எப்படிப்பா?"

இங்கே என் மனைவி செல்வியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாலு வருடமாக அவள் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஒரு வீட்டில் சமையல், துணி, வயதான ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு ஒரு பார்க்கில் உட்கார்ந்துகொண்டு வீடியோ கால் போடுவாள்.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். நீ?"

"சாப்ட்டேன்."

அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். இது என்ன ஜானர் என்று நித்யாதான் சொல்ல வேண்டும்.

இந்த மாதத்தோடு அவளுடைய காண்ட்ராக்ட் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கப் போகிறாளா, ஊருக்குத் திரும்புகிறாளா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லும்படி அந்த வீட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். வந்துவிடு என்று சொல்ல எனக்கு நாலு வருடமாக ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வாயில் வரவில்லை. சாப்பிட்டாயா என்பதோடு நின்றுவிடும்.

சரி, நித்யாவின் கேள்விக்கு வருகிறேன். இருபத்திரண்டு வருடத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று அவளிடம் சொன்னேன்.

நானும் செல்வியும் ஒரே யூனிட். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் வருவாள். நான் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கிறவன். அவள் ஃபினிஷிங். அச்சு ஒட்டுகிற இடத்தில் பொம்மையில் ஒரு பிசிறு வரும். அதைச் சுரண்டி, ஈரமான ஸ்பாஞ்சால் மேலும் கீழும் துடைத்து அடுக்க வேண்டும்.

ஊற்றுகிறவர்கள் ஆளுக்கு ஒரு குறி வைத்திருப்போம். ஈரம் காய்வதற்குள் பொம்மைக்கு அடியில் கீறிவிட வேண்டும். சூளையில் விரிசல் விட்டால் யார் ஊற்றியது என்று தெரிய வேண்டுமல்லவா? ஒருத்தருக்கு வட்டம், ஒருத்தருக்குப் பெருக்கல் குறி. எனக்கு இரண்டு கோடு. ஆனால் ஃபினிஷிங்கில் ஸ்பாஞ்சு பட்டு முக்கால்வாசிக் குறி அழிந்துவிடும். அதனால் சூளை பிரிக்கிற அன்றெல்லாம் சண்டைதான்.

செல்வி வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். வட்டம் இல்லை. பெருக்கல் இல்லை. என் இரண்டு கோடு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் இல்லை... மாதக் கணக்கில். அவள் கை ஒவ்வொரு பொம்மையிலும் என் குறியை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

அந்த இரண்டு கோட்டை நம்பித்தான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனேன். வேறு எந்தத் தைரியமும் என்னிடம் இல்லை.

நித்யா உடனே பேனாவை எடுத்தாள். நோட்டைத் திருப்பி ஆறு கட்டம் போட்டாள்.

ஒன்று — அச்சில் மண் ஊற்றும் கை. இரண்டு — அடியில் இரண்டு கோடு கீறும் கை. மூன்று — பலகை நிறையப் பொம்மைகள், எல்லாம் தலைகீழாக. நான்கு — இன்னொரு கை, ஸ்பாஞ்சோடு. ஐந்து — கோட்டுக்குப் பக்கத்தில் வந்து ஸ்பாஞ்சு நிற்கிறது. ஆறு — சுற்றிக்கொண்டு போகிறது.

"மூஞ்சியே காட்ட மாட்டேன்ப்பா. யாரு கைன்னு தெரியாது. ஆனா லவ்வுன்னு தெரியும்."

அந்தத் தாளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் நடந்த ஒரே ஒரு விஷயம் ஆறு கட்டத்தில் அடங்கிவிட்டது.

சனிக்கிழமை ஓனரிடம் கேட்டு, யூனிட்டில் வீடியோ எடுத்துப் பார்த்தோம். நித்யா கொண்டை ஊசியால் ஒரு பொம்மைக்கு அடியில் இரண்டு கோடு கீறினாள். சரோஜா அக்காவின் கையில் கொடுத்தாள். அவர் ஒரே துடை. கோடு காணோம்.

"அத்த, கோட்ட விட்டுட்டுத் தொடைக்கணும்."

"நான் வேலையப் பாக்கறதா, கோட்டப் பாக்கறதா? இருவது வருசமா கை அப்படியே போவுது பாப்பா. அது நிக்காது."

நாலு முறை எடுத்தார்கள். நாலு முறையும் கோடு போனது. ஐந்தாவது முறை சரோஜா அக்கா கஷ்டப்பட்டுக் கையை நிறுத்தினார். பார்த்தால் பொம்மைக்கு ஊசி போடுவது போல இருந்தது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். பாருங்கள், சும்மா துடைத்தால் நிற்காத கோடு அது!

"இதுக்கு அம்மா கைதான் வேணும்" என்றாள் நித்யா. "அங்கயே எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஆனா ஏன்னு நீங்கதான் சொல்லணும். இது ஒங்க கத."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கால் வந்தது. சாப்பிட்டாயா முடிந்தது. நித்யா அந்தத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். செல்வியின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வரவில்லை. நித்யா படத்துக்கு உன் கையை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு, தாளைப் பார்த்து, ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒவ்வொரு கட்டமாக வாசித்தேன். ஆறாவது கட்டம் முடிந்து நிமிர்ந்தால், செல்வி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கோட்டச் சொல்றீங்க?"

"என் கோடுதான். நீ தொடைக்காம வுட்டியே."

"அய்ய... அதுவா? நான் வுடலீங்க. அது போவல."

"போவலன்னா?"

"மத்தவங்கல்லாம் ஈர்க்குச்சில லேசா கீறுவாங்க. நீங்க குடக்கம்பில கீறுவீங்க. எலும்பு வரைக்கும் எறங்கும். எவ்ளோ தேய்ச்சாலும் போவாது. மேஸ்திரிகிட்டகூடச் சொன்னேன், அந்த ரெண்டு கோட்டு ஆளக் கொஞ்சம் மெதுவா கீறச் சொல்லுங்கன்னு."

நித்யா தரையில் படுத்துச் சிரித்தாள். "அப்பா... ஜானர் மாறிப் போச்சு. இது காமெடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடைக்கம்பிதான். உடைந்த குடை ஒன்றிலிருந்து எடுத்து, கூராகத் தீட்டி, மேல் பாக்கெட்டிலேயே வைத்திருப்பேன். இருபத்திரண்டு வருடமாக ஒரு குடைக்கம்பியையா நம்பிக்கொண்டிருந்தேன்?

"அப்பறம் எதுக்கு நான் பொண்ணு கேட்டு வந்தப்ப சரின்னு சொன்ன?"

அங்கே பார்க்கில் யாரோ குழந்தையைக் கூப்பிட, செல்வி அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க கேட்டீங்க. சொன்னேன்" என்றாள். "எனக்கு என்ன வேணும்னு அதுவரைக்கும் எங்க வூட்ல யாரும் கேட்டதில்ல. நீங்கதான், பொண்ணுக்குச் சம்மதமான்னு அதக் கேளுங்க மொதல்லன்னு ஒங்க அண்ணன்கிட்ட சொன்னீங்க. கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். காதுல வுழுந்துச்சு."

அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்லை. நான் கோட்டைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் நின்றிருக்கிறேன். அவள் வேறு எதையோ பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் மனதில் ஓடுவது ஒரே படமாகத்தான் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

கேட்டதற்காக வந்தவள்... இப்போதும் கேட்கலாம்தானே?

"இப்பவும் கேக்கறேன் செல்வி. வந்துடேன்."

சொல்லிவிட்டேன். நித்யா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். செல்வி போனைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். ஒரு மரமும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்தது.

"பாப்பாவுக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்குது. அப்பறம் அவ கல்யாணம்..." என்றாள் குரல் மட்டும். பிறகு, "நாளைக்குச் சொல்றேன். நீங்க நேரத்துக்குச் சாப்புடுங்க."

சாயங்காலம் ஆறரை மணிக்கு நித்யாவின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. பதினோரு விநாடி. சிங்கப்பூர் வீட்டுச் சமையலறை. ஒரு வெள்ளைக் கோப்பை, கவிழ்த்து வைத்தது. அதன் அடியில் கண் மை பென்சிலால் இரண்டு கோடு. லேசான கோடு. விரல் பட்டாலே போய்விடும். ஸ்பாஞ்சோடு செல்வியின் கை வருகிறது. துடைக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நிற்கிறது. சுற்றிக்கொண்டு போகிறது. கை முன்பைவிடக் கறுத்திருந்தது. கட்டை விரலில் ஒரு பிளாஸ்திரி.

நித்யா மூன்று முறை பார்த்தாள். "காமெடி இல்லப்பா" என்றாள்.

நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் நித்யா பாண்டிச்சேரி பஸ் ஏறினாள். மதியம் அவளுடைய பிளானுக்கு வாத்தியார் ஓகே சொன்னார். சாயங்காலம் செல்வி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.